தொங்குகதிரையில் சித்தி

இத்தாலியின் தெற்கே பலேர்மோவில், பல்லரோச் சந்தைக்கு மேலே, மீன் மணம் படியேறி வரும் அந்தப் பழைய கட்டடத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப்பேர் இப்போது லண்டனிலும் பேர்மிங்காமிலும் இருக்கிறீர்கள். கொஞ்சப்பேர் மிலானோப் பக்கம் ஏறிவிட்டீர்கள். தை மாதம் வந்தால் வாசலில் கொட்டிய பனியைச் சவளால் அள்ளி எறிகிற படங்களை வட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். பலேர்மோக்காரருக்கு இது கிடைக்குமோ என்று கீழே ஒரு நக்கல் வேறு. நானும் ஒரு சிரித்த முகத்தைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். உண்மையில் அந்தப் படங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமையில் அல்ல. ஏன் என்று இம்முறை சொல்லப்போகிறேன். முழுக் கதையும் எனக்கே இந்த ஐப்பசியில்தான் கிடைத்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில் இனி எதற்கு அடக்கி வைப்பது.

நாங்கள் பனியைப் பார்க்க பஸ் ஏறிப் போன பிள்ளைகள். அது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது பதினொரு வயது.

எங்கள் அப்பாமாருக்கு இந்த நகரத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. இங்கே பனி விழாது. கனடாவுக்கும் சுவிசுக்கும் போனவர்கள் முழங்கால் புதையப் பனியில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். நாங்கள் அனுப்பிய படங்களில் எல்லாம் பின்னுக்கு ஈச்சமரமும் கடலும். "உது இத்தாலியோ, காங்கேசன்துறையோ?" என்று ஊரிலிருந்து பெரியப்பா ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார். பகிடியாகத்தான் கேட்டார். அப்பாவுக்கு அது முள்ளாகத் தைத்தது. இவ்வளவு பாடுபட்டு எல்லை எல்லையாகக் கடந்து வந்து, வந்த இடத்தை வெளிநாடு என்று நிரூபிக்க முடியவில்லையே என்கிற வெப்பியாரம்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தா. இருபத்துநாலு வயது. காலையில் படிக்கட்டுகள் கழுவுகிற வேலை, பிறகு ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில் உடுப்பு மினுக்குகிற வேலை. அவவை இங்கே கூப்பிட்டு எடுத்தது அப்பா. கரைசேர்க்க வேண்டியதும் தான்தான் என்று அவர் நினைத்தார். அந்த மாரியில் தொரன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை, சாதகம் பொருந்திவிட்டது. ஒரு படம் மட்டும் அனுப்புங்கோ என்று கேட்டிருந்தார்கள்.

அப்பா அங்கேதான் தன் மூளையைப் பாவித்தார். ஈச்சமரத்துக்குக் கீழே நிற்கிற பெண்ணைப் பார்த்தால், கனடாக் குளிரில் இவள் நடுங்கிச் செத்துப்போவாள் என்று நினைப்பார்களாம். பனிக்கு நடுவில் சேலையோடு சாதாரணமாக நிற்கிற பெண்ணைப் பார்த்தால் வேறு ஒன்றும் கேட்க மாட்டார்களாம். வீட்டில் எல்லோரும் அதை ஆகா என்று ஒத்துக்கொண்டார்கள். இப்போது நினைத்தால், வெளிநாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று தோன்றுகிறது.

மலைக்குப் போக வழி பண்ணியது மன்னார் அன்ரி. எங்களுக்கு எதிர்க் கதவு. எங்கள் வீட்டில் முருகன் படம், அங்கே மடுமாதா. அம்மாவுக்கு இந்த ஊரில் முதல் வேலை பிடித்துக் கொடுத்தது அன்ரிதான். எந்தப் போத்தலில் உள்ளது நிலத்துக்கு, எது கண்ணாடிக்கு, சிஞ்ஞோரா கோபப்பட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துப் பழக்கியவ. அவ சிரித்தால் கீழே சந்தையில் மீன் வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அவ வைத்த மீன்குழம்பை அப்பா விரல் நக்கிச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்துக் கதவைச் சாத்திய பிறகு, "மன்னார் ஆக்கள்" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவார். அந்த இழுவையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது நன்றாக விளங்குகிறது.

அன்ரியின் கோயில் பாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே பனி விழுகிற மதோனியே மலைக்கு பஸ் விட்டார். சைவக்காரரும் வரலாம் என்று அன்ரி கேட்டு எங்களுக்கு இடம் வாங்கித் தந்தா. சித்தி உடுக்கிறதுக்குத் தன்னுடைய சிவப்புப் பட்டுச்சேலையையும் எடுத்துத் தந்தா. அவவின் கலியாணச் சேலை அது. நப்தலின் உருண்டை மணத்தோடு, ஒரு பழைய தலையணை உறைக்குள் இருந்தது.

பஸ் பயணம் உங்களுக்கு மறந்திருக்காது. வளைவுக்கு வளைவு ஒவ்வொருவராகச் சத்தி எடுத்தோம். மணக்கச் சொல்லி எலுமிச்சைத் தோலை மூக்கில் அழுத்தினார்கள். பின் இருக்கைக்குக் கீழே கோழிக்கறிச் சட்டி, அது ஆடாமல் இருக்க ஒரு மாமா இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கறி மணமும் டீசல் மணமும் கலந்து இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் எனக்குத் தலை சுற்றும். சப்பாத்துக்குள் ஈரம் போகாதிருக்கக் காலுறைக்கு மேல் பாண் பைகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். நடக்க நடக்கச் சரக் சரக் என்றது.

அது பணக்காரர் போகிற இடமில்லை. வடக்கே பெரிய மலைகளுக்குப் போக வசதியில்லாத பலேர்மோச் சனம் காரில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் சறுக்கி, மிச்ச நேரம் பனிக்கு மேல் அடுப்பு வைத்துச் சொசேஜ் சுட்டுச் சாப்பிடுகிற இடம். ஒரு தேத்தண்ணிக்கடை, பழைய பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடுகிற ஒரு மரக்கொட்டில், மலைக்கு ஏற்றிக்கொண்டு போக ஒரேயொரு தொங்குகதிரை வரிசை. அவ்வளவுதான். கட்டை வாடகைக்கு எடுக்காதவர்கள் குப்பைப் பையிலும் கோப்பித் தட்டிலும் குந்திச் சறுக்கினார்கள். திரும்பும்போது காரின் முன்மூடியில் பனியைக் குவித்து வைத்துக்கொண்டு, உருகுமுன் ஊராருக்குக் காட்ட ஓடினார்கள். அதைப் பார்த்து எங்கள் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்துக்காக பஸ் பிடித்து வந்தவர்கள் சிரித்தார்கள்.

சித்தியின் கோலத்தை நான் சொல்லவேண்டும். சிவப்புப் பட்டுச்சேலை, அதற்குள்ளே அப்பாவின் பைஜாமா, காலில் இரண்டு சோடிக் காலுறை, அதற்கு மேல் அம்மாவின் செருப்பு. தோளில் ஒரு கம்பளிச் சால்வை, படம் எடுக்கும்போது அதையும் கழற்ற வேண்டும். கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பின்னால் சொசேஜ் புகை வந்தது. மரத்தடியில் நிறுத்தினால் யாரோ ஒரு தாத்தா கதிரை போட்டுச் சீட்டு விளையாடினார். கமராவைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் திரிந்த அப்பா கடைசியில் மேலே கையைக் காட்டினார். மேலே போனால் ஆட்கள் இல்லை, வெள்ளை மலை மட்டும்.

தொங்குகதிரை என்றால் ஒரு கம்பியில் வரிசையாக வருகிற இருவர் கதிரை. அது நிற்காது. வரும்போது ஓடிப்போய்க் குந்த வேண்டும். அப்பா முதலில் தனியே ஏறினார், மேலிருந்து நாங்கள் வருவதைப் படம் எடுக்கலாம் என்று. அடுத்ததில் நானும் சித்தியும் என்பது ஏற்பாடு. அப்பாவின் கதிரை கிளம்பிய பிறகுதான் கதிரை பிடித்துவிடுகிற பெடியன் சித்தியின் உடுப்பைச் சரியாகப் பார்த்தான். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. இந்தச் சேலை கம்பியில் அகப்பட்டால் ஆளை இழுத்துவிடும், சின்னப் பிள்ளையோடு இவவை விடமாட்டேன் என்று மற்றவனுக்குச் சொல்லிவிட்டு, சித்தியைப் பிடித்து இருத்தித் தானும் பக்கத்தில் குந்திவிட்டான். என்னைப் பின்னால் வந்த கதிரையில் ஒரு கிழவியோடு ஏற்றினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை.

ஆகவே நடந்ததை நான் நேரே பார்த்தேன். அவன் முதலில் குறுக்குக் கம்பியை இறக்கினான். பிறகு காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்து, சுருட்டி, தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டான். பாதி வழியில் கதிரைகள் நின்றுவிட்டன. அந்த இடத்தில் அது வழக்கம், பக்கத்துக் கிழவி அலுத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினா. எங்களுக்குக் கீழே நேராக எங்கள் பஸ் சனம். ஒருவர் விடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தி நடுங்கினா. அந்தப் பெடியன் தன் ஜக்கெட்டைக் கழற்றி அவவின் தோளில் போட்டான். என்னவோ கேட்டான். சித்தி என்னவோ சொன்னா. பிறகு இரண்டுபேரும் சிரித்தார்கள். சித்தி அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கீழேயிருந்து மன்னார் அன்ரி, கவனம் பிள்ளை, கம்பியைப் பிடி என்று கத்தினா. முன் கதிரையில் அப்பா கழுத்தைத் திருகித் திரும்பிப் பார்த்தபடி இருந்தார். இறங்கவும் முடியாது, கிட்டப் போகவும் முடியாது. கமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து, உயரத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போனதும் அவன் சித்தியை இடுப்பில் பிடித்து இறக்கினான், சேலைத் தலைப்பைக் கொடுத்தான், ஜக்கெட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கதிரையில் கீழே போய்விட்டான். அப்பா படம் எடுத்தார். சிரிக்காதே, பல்லுத் தெரிகிறது என்று இரண்டு தரம் அதட்டினார். சித்தி வாயை மூடிக்கொண்டு நின்றா. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் கறியும் புட்டும் குழைத்து உருண்டை உருண்டையாகக் கையில் தந்தார்கள். அன்ரி சித்திக்கு ஒரு உருண்டையைக் கொடுத்துவிட்டு, "என்ன பிள்ளை, மாப்பிள்ளை கனடாவிலையோ, கதிரையிலையோ?" என்று கேட்டா. பஸ் முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

படம் நன்றாக வந்தது. வெள்ளைக்குள் ஒரு சிவப்பு, அதற்கு மேல் சித்தியின் முகம். அனுப்பினார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம் என்று கடிதம் வந்தது. அம்மா பாற்சோறு பொங்கினா. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்குள் ஏதோ அரிக்கத் தொடங்கியிருந்தது. அன்ரியின் தம்பி ஒருவர் தொரன்ரோவில் இருந்தார். அன்ரி ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவருக்குப் போன் எடுப்பா. அப்பா சன்னலில் நின்று அவ வெளிக்கிட்டுப் போவதைப் பார்ப்பார். "இண்டைக்குக் கதிரைக் கதை அங்கை போயிருக்கும்" என்பார். அம்மா, அவ அப்படிப்பட்டவ இல்லை என்றா. உனக்கு உலகம் தெரியாது என்றார். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. அன்ரி எங்கள் கதவைத் தட்டிக் கறி தந்தாலும், அதை வாங்கும்போது அப்பாவின் கண் அவவின் வாயிலேயே இருந்தது.

ஒருநாள் பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் நானும் அவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். உள்ளே யாரோ பிடித்த சிகரெட் மணம். வெளியே நேப்பிள்ஸுக்குப் போகிற கப்பல் ஊதியது. அப்பா வேர்த்து வடிய, மாப்பிள்ளையின் தகப்பனோடு கதைத்தார். அந்தக் கதை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"அண்ணை, ஆரும் வந்து ஏதும் சொன்னால் காதிலை போடாதையுங்கோ. பிள்ளை அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை. அவன் சேலையைத்தான் பிடிச்சவன். வேறை ஒண்டும் இல்லை. நான் முன்னுக்கு இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

திரும்பி வரும்போது அவருடைய முகம் தெளிந்திருந்தது. ஒரு பெரிய நெருப்பை அணைத்துவிட்ட ஆள்போல நடந்தார். எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. வேறொரு சாத்திரியிடம் காட்டியதில் சாதகம் பொருந்தவில்லையாம். பொருந்திய சாதகம் பிறகு எப்படிப் பொருந்தாமல் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சித்தி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனா. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினார்.

மன்னார் அன்ரியின் பிள்ளைகள் இரண்டுபேரும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் நினைவூட்டத் தேவையில்லை. உங்கள் அம்மாவின் பின்னால் அவவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவவின் கையில் கோதுமை மா ஒட்டியிருந்தது. அப்பா என்னென்ன சொன்னாரென்று இங்கே எழுதமாட்டேன். மன்னாரையும் இழுத்தார், அவவின் வேதச் சமயத்தையும் இழுத்தார். மேல்மாடி, கீழ்மாடி எல்லாக் கதவும் திறந்தன. இத்தாலிக்காரரும் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் அம்மா கத்தவில்லை.

"நான் ஆருக்கும் சொல்லேல்லை அண்ணை. சொல்ல அதிலை என்ன கிடக்கு?" என்று மட்டும் கேட்டா.

அதைக் கேட்டு அப்பா இன்னும் பலமாகக் கத்தினார்.

அந்த மாதமே நகரத்தின் இன்னொரு சந்தைப் பக்கமான கபோவுக்கு வீடு மாறினோம். சிவப்புச் சேலையை அம்மா தண்ணியில் அலசி, மினுக்கி, அதே தலையணை உறைக்குள் போட்டு உங்கள் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு வந்தா. தட்டவில்லை. பட்டைத் தண்ணியில் போட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியாததில்லை. தீட்டுப் பட்டதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அலசிக் கொடுக்கச் சொன்னது அப்பா. அந்தச் சேலை பிறகு உடுக்க உதவியிருக்காது. அந்தக் கொடுமைக்கு இன்றுவரை எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

அதோடு நாங்கள் உங்களோடு விளையாடுவதும் நின்றது. கோடையில் மொந்தெல்லோக் கடற்கரையில் கண்டால் எங்களை வேறு பக்கம் திருப்பி நடத்தினார்கள். நீங்களும் கைகாட்டுவதை விட்டுவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்துகொண்டு ஒன்றும் கதைக்காமல் ஒரு முழு வருசம் போனது. பெரியவர்களின் கோபத்தைப் பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காகச் சுமந்தோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சித்திக்குப் பிறகும் சம்பந்தங்கள் வந்தன. ஜெர்மனியிலிருந்து ஒன்று, கற்றானியாவில் கடை வைத்திருந்த ஒருவர், ஊரில் ஒரு வாத்தியார். ஒவ்வொன்றுக்கும் அப்பா முன்கூட்டியே, உங்கள் காதில் ஒரு பொய்க்கதை விழலாம் என்று தொடங்கி மலையையும் கதிரையையும் விளக்கினார். ஒளிக்காமல் சொல்வதுதான் மரியாதை என்பது அவருடைய கணக்கு. ஒன்றும் சரிவரவில்லை. ஒவ்வொன்றும் முறிய, "அந்த மன்னார்க்காரியின்ரை வாய்" என்றார். சித்திக்கு முப்பது போனது, நாற்பது போனது. ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டோடு தங்கி அவவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுக்கிற வேலைக்குப் போனா. அந்தச் சிஞ்ஞோரா செத்த பிறகு இன்னொரு சிஞ்ஞோரா. இப்போது மூன்றாவது.

உங்கள் அம்மா ஆசுப்பத்திரியில் கிடந்தபோது அப்பா எங்களில் ஒருவரையும் போகவிடவில்லை. செத்தவீட்டன்று அம்மா காய் வாங்குகிற மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பல்லரோவுக்குப் போய், கோயிலுக்கு எதிரே ஒரு கடை மறைவில் நின்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வந்தா. பையில் ஒன்றும் இருக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னா. இப்போது அம்மாவும் இல்லை.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். உல்லாசக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வருவது உங்களுக்குத் தெரியும். காலையில் வந்து பின்னேரம் போய்விடும். கனடாவிலிருக்கும் எங்கள் மச்சாள் ஒருத்தி போன் எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கப்பலில் வருகிறது, ஊரைச் சுற்றிக் காட்டு என்றாள். அறுபதை ஒட்டிய ஒரு அம்மாவும் கணவரும். வெயிலுக்கு வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். பெரிய கோயிலைக் காட்டினேன், சந்தையைக் காட்டினேன். ஒரு கடையில் குந்தி அரஞ்சினா என்கிற பொரித்த சோற்றுருண்டை சாப்பிடும்போது, எங்கள் ஊர், தெரு, அப்பாவின் பெயர் என்று விசாரித்துக்கொண்டே வந்த அந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தா.

அவ அந்தத் தொரன்ரோ மாப்பிள்ளையின் தங்கச்சி. அவவுக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. எவ்வளவோ காலத்துக் கதை. சிவப்புச் சேலைப் படத்தை அண்ணா பேர்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவராம். வேலைத்தலத்தில் எல்லோருக்கும் காட்டினாராம். பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பதில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நாங்கள் ஒண்டும் கேள்விப்படேல்லை பிள்ளை. உங்கடை அப்பாதான் போன் எடுத்துச் சொன்னவர். ஆரோ வெள்ளைக்காரப் பெடியன், சேலையைப் பிடிச்சவன், நம்பாதையுங்கோ எண்டு. கேக்காததுக்கு ஏன் இந்தாள் பதில் சொல்லுது எண்டு அம்மா பயந்திட்டா. அண்ணா இரண்டு நாள் சாப்பிடேல்லை."

அன்ரியின் தம்பியைப் பற்றிக் கேட்டேன். பெயர், மன்னாரில் எந்தப் பக்கம், தொரன்ரோவில் எங்கே வேலை செய்தவர் என்று எல்லாம் சொன்னேன். அவவும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்படி ஒருவரையே தங்களுக்குத் தெரியாது என்றார்கள். கதை போவதற்கு ஒரு வழியே இருக்கவில்லை. தொரன்ரோ என்றால் எல்லோரும் ஒரே தெருவில் இருப்பார்கள், பல்லரோ மாதிரி, என்று அப்பா நினைத்திருக்கிறார்.

அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டேன். அவ என் கன்னத்தைத் தடவி, சித்தியைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. நான் துறைமுக மதிலோடு சாய்ந்துகொண்டு அழுதேன். வேலைக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சித்திக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. தாவரப் பூங்காவுக்கு வெளியே இருக்கிற வாங்கில் இருந்து முழுவதும் சொன்னேன். அவ கனடாவைப் பற்றியும் கேட்கவில்லை, படத்தைப் பேர்சுக்குள் வைத்திருந்ததைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தக் கதிரைப் பெடியன் என்ன கேட்டான் தெரியுமா என்றா. குளிருதா என்று கேட்டானாம். அவவுக்கு அப்போது வேலைவீட்டு இத்தாலியன் மட்டும்தான் தெரியும். வாளி, நிலம், மினுக்கி, அழுக்குத் துணி. குளிருக்குச் சொல் தெரியாமல், குளிர்சாதனப் பெட்டி என்று சொன்னாவாம். அதற்குத்தான் இரண்டுபேரும் சிரித்தார்களாம்.

அதைச் சொல்லிவிட்டு அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. "பஸ்ஸுக்குள்ளை அந்த மன்னார் அக்கா என்னைக் கண்டால் பக்கத்திலை இடம் வைச்சிட்டுக் கூப்பிடுவா. நான் காணாத மாதிரி முன்னுக்குப் போயிடுவன். சாகுமட்டும் கூப்பிட்டவ. அவவின்ரை பிள்ளையளுக்குச் சொல்லு."

அதனால் சொல்கிறேன். உங்கள் அம்மா ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவவை வாய்க்காரி என்று இந்த நகரத்தில் எத்தனை வீட்டில் கதைத்தார்களோ, அத்தனை வீட்டுக்கும் கதை எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அதற்காகத்தான் அடுத்த நாள் கபோவுக்குப் போனேன்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கேட்கிறது, நினைவும் தெளிவு. தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு எதிரே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கப்பலில் வந்தவ சொன்னதை அவ சொன்ன மாதிரியே சொன்னேன். அன்ரியின் தம்பியை அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. இப்போது பிழைதான் என்று சொல்லுவார், சொல்லிவிட்டால் உங்களுக்குப் போன் எடுத்துக் கொடுக்கலாம் என்று போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

படம் அவர்களுக்குப் பிடித்திருந்ததாமோ என்று கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு தொலைக்காட்சியின் றிமோட்டைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அந்த மன்னார்க்காரி சொல்லேல்லை எண்டாலும், நான் போன் எடுத்திருக்காட்டிச் சொல்லித்தான் இருப்பாள்."